லண்டன் பெட்டிக்குள் பரிஸ் பங்கு: ஏ9 ஓரத்துப் பார்சல் சேவை எப்படி?

வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஏ9 வீதியில் போனால் வெளிநாட்டுப் பார்சல் பலகைகளுக்குக் குறைவில்லை. பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான். சாமானை வாங்கி, பொதி செய்து, நிறுத்து, கொழும்பிலுள்ள விமானச் சரக்கு முகவரிடம் சேர்ப்பார்கள். அதனால் ஒரு கடையைத் தூக்கி இன்னொன்றை இறக்கும் எண்ணம் இங்கே இல்லை. மதிப்பிடுவது சேவையை. அதிலும் ஒரு விஷயத்தை: பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் பல கடைகளின் விலைப்பட்டியலில் ‘லண்டன் / ஐரோப்பா’ ஒரே வரியில் கிடக்கிறதே, அதை.

அந்த ஒரு வரியை நம்பி அனுப்புகிறவர்களுக்குத்தான் நட்டம். லண்டனுக்கு மட்டும் போகும் பெட்டிக்கு இந்தச் சேவை ஐந்துக்கு நாலு பெறும். பரிஸ், ஜேர்மனி என்று நேரே போகும் பெட்டிக்கு மூன்று. லண்டன் அக்காவின் முகவரிக்கு அனுப்பி, அதற்குள் பரிஸ் அண்ணாவின் பங்கையும் திணிக்கும் பழைய முறைக்கு ஒன்று கொடுப்பதே தாராளம்.

அந்தப் பழைய முறை ஒரு காலத்தில் கெட்டிக்காரத்தனம். ஒன்றியத்துக்குள் ஒருமுறை சுங்கம் தாண்டிய பண்டம் பிறகு எங்கும் போகலாம். லண்டன் வீட்டில் பெட்டியைப் பிரித்து, பரிஸ் பங்கைத் தபாலில் போட்டால் எந்தப் படிவமும் தேவையில்லை. பிரித்தானியா 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. ஆனால் இடைமாறு காலம் டிசம்பர் 31 வரை ஓடியதால் பெட்டிகளுக்கு எதுவும் தெரியவில்லை. 2021 ஜனவரி 1 தொடக்கம் லண்டனிலிருந்து பரிஸுக்குப் போவதும் கிளிநொச்சியிலிருந்து பரிஸுக்குப் போவதும் சுங்கத்தின் கண்ணில் ஒன்றே: இரண்டும் வெளிநாட்டுப் பொதி. சிஎன்22 அல்லது சிஎன்23 என்ற சுங்க விவரப் படிவம் ஒட்ட வேண்டும். வரியில்லாப் பரிசின் வரம்பு 45 யூரோ. உணவு விதி தனி. அக்கா வீட்டு வாசலில் ஒரு தரம், பிரான்ஸ் எல்லையில் ஒரு தரம் என்று இரண்டு சுங்கத்தைக் கடக்க ஒரு பெட்டியை ஏன் அனுப்ப வேண்டும்?

கடை மேசையடியில் இதைப் பற்றிய வாதம் ஓய்வதில்லை. பெட்டிக்கு வரி வந்ததாம் என்று ஒருவர் தொடங்கினால், ‘வெளியேறச் சொல்லி வோட்டுப் போட்டவையைக் கேளுங்கோ’ என்று இன்னொருவர் முடிப்பார். வோட்டுப் போட்டவர்களில் நம்மவரும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேற 51.9 வீதம், தங்க 48.1 வீதம். பிரித்தானியாவில் வசித்த பொதுநலவாய நாட்டவருக்கும் அதில் வாக்குரிமை இருந்தது. எனவே இலங்கைக் கடவுச்சீட்டோடு முறையாகத் தங்கி, வாக்காளர் இடாப்பில் பதிந்திருந்தவர் வாக்களிக்கலாம். பிரெஞ்சு, டச்சு, ஜேர்மன் குடியுரிமை எடுத்த பிறகு லண்டனில் போய்க் குடியேறியவர் வாக்களிக்க முடியாது. ஒன்றிய நாட்டவரில் அயர்லாந்து, மால்ரா, சைப்பிரஸ் காரருக்கு மட்டும் விலக்கு. வெளியேற்றம் நேரே பாதிப்பது ஒன்றியக் குடியுரிமைக்காரரை, கேட்கப்பட்டதோ இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரிடம்.

வாதத்தில் இரு பக்கமும் பாதி சரி. வெளியேறினால் பொதுநலவாய நாடுகளுக்குக் கதவு அகலும் என்றார்கள். வன்னியிலிருந்து லண்டன் போகும் பெட்டிக்கு அது ஓரளவு நடந்தது, கறிவேப்பிலை விஷயத்தில் கீழே பார்க்கலாம். கண்டத்தோடு எல்லை முளைக்கும் என்று மற்றவர்கள் எச்சரித்தார்கள். லண்டன் – பரிஸ் பொதிக்கு அது அச்சொட்டாக நடந்தது. ஆனால் மேசையடியில் பிரெக்சிற்றின், அதாவது இந்த வெளியேற்றத்தின், தலையில் கட்டப்படும் இரண்டு விஷயங்கள் அதற்குச் சொந்தமில்லை. பிரித்தானியாவின் 39 பவுண் பரிசு வரம்பு வெளியேறுவதற்கு முன்பே இருந்தது. ஐரோப்பாவில் 22 யூரோவுக்குக் குறைந்த இறக்குமதிக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கு 2021 ஜூலை 1 இல் எடுக்கப்பட்டது. அது ஒன்றியத்தின் சொந்த இணைய வணிகச் சீர்திருத்தம். பிரித்தானியா உள்ளே இருந்திருந்தாலும் வந்திருக்கும். தவிர, அது விற்கும் பொருளுக்கு. சொந்தக்காரருக்கு அனுப்பும் பரிசுக்கு அல்ல. வெளியேற்றமும் இந்தச் சீர்திருத்தமும் அரை வருட இடைவெளியில் வந்ததால் ஒன்றாகக் குழம்பிவிட்டன. இதைத் தெளிவாகச் சொல்லும் ஊழியர் இருக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

லண்டன் கணக்கு இது. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 39 பவுண் வரை வரியில்லை. அதற்கு மேல் 135 பவுண் வரை சுங்கத் தீர்வை இல்லை, பெறுமதி சேர் வரி மட்டும். 135க்கு மேல் 630 வரை தீர்வை பொதுவாக 2.5 வீதம். இங்கே பலர் தவறவிடும் சலுகை ஒன்று இருக்கிறது: ஒரே பெட்டியில் மூன்று பேருக்கான பரிசு இருந்தால் 39 பவுண் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நிபந்தனை மூன்று: ஆளுக்காள் பிரித்துச் சுற்றியிருக்க வேண்டும், யாருக்கு என்று குறித்திருக்க வேண்டும், சுங்கப் படிவத்தில் ஒவ்வொன்றின் விலையும் தனி வரியில் இருக்க வேண்டும். கடைக்காரர் வழக்கமாக ஒரே வரியில் மொத்த விலை எழுதிவிடுவார். அந்த ஒரு வரியில் சலுகை முழுவதும் போய்விடும். ‘தனித்தனியாக எழுதுங்கோ’ என்று நின்று எழுதுவியுங்கள்.

39ஐத் தாண்டினாலும் பதற வேண்டியதில்லை. பிரித்தானியாவில் பெரும்பாலான சமையல் உணவுக்குப் பெறுமதி சேர் வரி பூச்சியம். அரிசிமா, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் அதில் அடங்கும். இனிப்புப் பண்டங்கள், வறுத்த அல்லது உப்பிட்ட கொட்டைப் பருப்புகள் 20 வீதத்துக்குள் வரும். இதிலும் ஒரு வேடிக்கை: கச்சானைக் கோதுடைத்து வறுத்து அனுப்பினால் 20 வீதம், கோதோடு வறுத்து அனுப்பினால் பூச்சியம். முள்ளியவளைக் கச்சானைக் கோதோடேயே விடுங்கள். வரி வந்தால் அதோடு தபாலகமோ கூரியரோ கையாளற் கட்டணம் ஒன்றும் அறவிடும். சின்னப் பொதிக்கு வரியை விட அதுதான் கடிக்கும்.

ஒன்றிய நாடுகளுக்கு வரம்பு 45 யூரோ. அதற்கு மேல் உணவுக்கும் வரி உண்டு: பிரான்ஸில் பெரும்பாலான உணவுக்கு 5.5 வீதம், ஜேர்மனியில் 7. சுவிஸ், நோர்வே பெட்டிகளையும் ‘ஐரோப்பா’ நிரலில் போடுகிறார்கள். அவை ஒன்றியத்தில் எக்காலமும் இருந்ததில்லை. நோர்வே மக்கள் 1972இலும் 1994இலும் வேண்டாம் என்றார்கள். சுவிஸ்காரர் 1992இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பையே 50.3 வீதத்தால் மறுத்தார்கள். சுவிஸுக்குப் பரிசு வரம்பு 100 பிராங்க், நோர்வேக்கு 1000 குரோனர். ஆனால் இறைச்சி, பால் விதிகளில் இரண்டும் ஒன்றியத்தோடு சேர்ந்தே நடக்கும்.

என்ன போடலாம், என்ன கூடாது என்பதில்தான் பெட்டிகள் அதிகம் மாட்டுகின்றன.

இறைச்சியும் பாலும் எங்கும் கூடாது. வத்தல் இறைச்சி, நெய் இரண்டையும் மறந்துவிடுங்கள். மோர்மிளகாயில் மோர் இருப்பதை அனுப்புகிறவர் நினைப்பதில்லை. விவரணத்தில் ‘மோர்’ என்று எழுதினால் பால் சேர்ந்த பண்டமாகிவிடும், எழுதாமல் விட்டால் பொய் விவரணம். வெறும் மிளகாய் வற்றலாக அனுப்புங்கள். இந்த விதி பிரித்தானியரையும் விடவில்லை. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லொறிச் சாரதிகளின் இறைச்சிச் சாண்ட்விச்சைச் சுங்கத்தார் பறித்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. வெளியேறினால் என்ன வரும் என்று ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதத்தை விட அந்தச் சாண்ட்விச் பலருக்கு விளங்கவைத்தது. 2025 ஏப்ரல் 12 தொடக்கம் எதிர்ப்பக்கமும் மூடிக்கொண்டது: கால்நடைகளுக்கு வரும் கால்-வாய் நோய்ப் பயத்தால் ஒன்றிய நாடுகளிலிருந்து தனியாள் இறைச்சி, பால் கொண்டுவருவதைப் பிரித்தானியா தடுத்தது.

மீன் வேறு கதை. சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை இரு பக்கமும் இடம் கொடுக்கிறது. தேன் 2 கிலோ. முல்லைத்தீவுக் கருவாட்டுக்கு இது தாராளம். சுறாக் கருவாடு மட்டும் வேண்டாம்: ரெக்வியம் சுறாக் குடும்பம் முழுவதும் 2023 நவம்பரிலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, துண்டு போட்ட கருவாட்டில் எந்தச் சுறா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கடலட்டையையும் பரிசுப் பெட்டியில் போடாதீர்கள்.

கருவாடு கெடுவது பெரும்பாலும் வழியில் அல்ல, ஊரிலேயே. மாரி மழைக்குள் காயவைத்தது மேலே காய்ந்து முதுகெலும்போரம் ஈரமாக இருக்கும். கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்துங்கள், பதிந்தால் அனுப்பாதீர்கள். சோளகக் காற்றில் காய்ந்ததே நம்பத்தகுந்தது. தலை, குடல் நீக்கியிருக்க வேண்டும். காற்றகற்றும் பொதி இப்போது பல கடைகளில் கிடைக்கிறது, அதற்காக ஒரு புள்ளி கூடக் கொடுக்கலாம். ஆனால் முள்ளும் செட்டையும் பொலித்தீனைக் குத்தி மறுநாளே காற்றுப் புகுந்துவிடும். முதலில் தடித்த மண்ணிறத் தாளில் சுற்றி, பிறகு பைக்குள் போட்டு, இன்னொரு பை போட வேண்டும். புழுக்கொடியலின் கூர் முனையும் இதே சேட்டை செய்யும்.

காட்டுத்தேனில் நீர்ச்சத்து கூட. சூட்டில் புளித்து வாயு கட்டி மூடியைத் தள்ளும். போத்தலை விளிம்புவரை நிரப்பாமல் மேலே கால்வாசிக்குச் சற்றுக் குறைய வெற்றிடம் விடுங்கள். பழைய சாராயப் போத்தலில் மட்டும் ஊற்ற வேண்டாம். மதுசாரத்துக்கு லண்டன் பரிசுச் சலுகை கிடையாது. போத்தலின் வடிவத்தைக் கதிர்ப்படத்தில் பார்த்தவர் திறந்து பார்க்காமல் விடமாட்டார்.

பனங்கட்டியைக் குட்டானோடு அனுப்புவது அழகு. என்றாலும் ஓலை மடிப்பில்தான் பூச்சி ஒளிந்திருக்கும். கழற்றிப் பையில் அடையுங்கள். பாலைப்பழம், முருங்கையிலை போன்ற பச்சைப் பண்டங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ‘அது தேவையில்லை அண்ணை’ என்று கடைக்காரர் சொன்னால், பெட்டி பிடிபட்டால் காசைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நிற்கும்.

நிறையில் ஒரு பொறி. விமானப் பொதியில் தராசு காட்டும் நிறை, கன அளவால் வரும் நிறை, இரண்டில் கூடியதற்கே கட்டணம். 50 × 40 × 40 செ.மீ. பெட்டி 80,000 கன செ.மீ. கூரியர் 5000ஆல் பிரிக்கும், 16 கிலோ. சாதாரண விமானச் சரக்கு 6000ஆல் பிரிக்கும், 13.3 கிலோ. உள்ளே 9 கிலோ வடகமும் அப்பளமும் இருந்தால் காற்றுக்கும் காசு கட்டுகிறீர்கள். மா, தூள், பனங்கட்டி அடியில், ஒடியலைக் குட்டையாக முறித்து இடுக்குகளில், நொறுங்குவது மேலே. எதனால் பிரிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டால் பல கடைகளில் பதில் வராது. வரும் கடை நல்ல கடை. பெட்டி ஐந்து அடுக்கு மட்டையாக இருக்கட்டும். மரப்பெட்டி என்றால், மரத்தில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இல்லாமல் போகாது.

படிவம் எழுதுவதுதான் இந்தச் சேவையின் பலவீனம். ஒன்றியத்தின் ஐசிஎஸ்2 முறை தபால், கூரியருக்கு 2021 மார்ச்சிலும், மற்ற விமானச் சரக்குக்கு 2023 மார்ச்சிலும் வந்தது. பெட்டி விமானம் ஏறுமுன்பே விவரம் கணினியில் போய்ச் சேர வேண்டும். 6 இலக்கச் சரக்குக் குறியீடும் வேண்டும். ‘சாப்பாட்டுச் சாமான்’, ‘பரிசு’ போன்ற பொத்தாம் பொது விவரணம் செல்லாது. கொழும்பில் பெட்டி நாட்கணக்கில் கிடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம், ஊரில் இதை ‘கஸ்ரம்ஸ் பிரச்சினை’ என்று சொல்லிவிடுவார்கள். மிளகாய்த்தூள் 090422, தேன் 040900, வறுத்த கச்சான் 200811. கருவாட்டுக் குறியீடு 0305 இல் தொடங்கும். இதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் உதவி. விலையை வேண்டுமென்றே குறைத்து எழுதச் சம்மதிக்க வேண்டாம். பெட்டி தொலைந்தால் நட்டஈடும் அந்த எழுதிய விலைக்குத்தான்.

பெல்ஃபாஸ்ற்றில் உறவுகள் இருப்போருக்கு ஒரு வரி: வட அயர்லாந்து பிரித்தானியாவின் பகுதி, ஆனால் பண்டங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிய விதிகளே பொருந்தும்.

விற்பதற்கு அனுப்புகிறவர்கள், அதாவது தூள், மா செய்து லண்டன் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு உற்பத்தியாளர்கள், இந்தப் பார்சல் கடைகளை நம்பவே வேண்டாம். பரிசு வரம்பு எதுவும் உங்களுக்கு இல்லை. இன்னொன்று: லண்டன் மொத்த வியாபாரி உங்கள் சரக்கைப் பரிஸ் கடைக்கு மறுபடி அனுப்பினால், பிரித்தானிய – ஐரோப்பிய உடன்படிக்கையின் பூச்சியத் தீர்வை அதற்குக் கிடைக்காது. அந்தச் சலுகை பிரித்தானியாவிலோ ஒன்றியத்திலோ விளைந்த, செய்த பொருளுக்கே. இலங்கைச் சரக்கு லண்டனில் இறங்கியதால் லண்டன் சரக்காகிவிடாது. பரிஸுக்கு ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை, லண்டனுக்குப் பிரித்தானியா 2023 ஜூனில் தொடங்கிய வளர்முக நாடுகளின் வணிகத் திட்டம் என்று இரண்டு கதவுகள், இரண்டு கட்டு ஆவணங்கள். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகள் மாதிரி பெரிய இடங்களில் இதைப் பார்க்கத் தனி ஆட்கள் இருப்பார்கள்; ஐந்து பேர் கொண்ட தூள் ஆலைக்கு அந்த இரண்டாம் கட்டு ஆவணம் பெரும் பாரம்.

பரிஸ் பங்கை எப்படியும் லண்டன் வழியாகவே கொடுக்க வேண்டும் என்றால், தபாலை விட ஆள் கையில் கொடுப்பது மேல். ரயிலில் போகும் ஒருவர் 300 யூரோ பெறுமதி வரை வரியின்றிக் கொண்டுபோகலாம். கருவாடு, தேன் வரம்புகள் மேலே சொன்னவையே. பச்சை இலை, பால் பண்டம் இரண்டையும் லண்டனிலேயே இறக்கிவிட வேண்டும்.

கடைசியாகக் கறிவேப்பிலை. ஒன்றியத்தில் பயணி கொண்டுவரும் பழங்களில் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியான் ஐந்துக்கு மட்டுமே சான்றிதழ் விலக்கு. வெளியேறிய பிறகு பிரித்தானியா தன் விலக்குப் பட்டியலை நீட்டியது. மாம்பழம், கொய்யா, கறிவேப்பிலை எல்லாம் அதில் ஏறின. வெளியேறியதால் வன்னிப் பெட்டிக்குக் கிடைத்த நேரடி இலாபம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டலாம். அது நிலைக்குமா என்பது வேறு. 2025 மே 19 அன்று லண்டனில் கூடிய இரு தரப்பும் உணவு, தாவரச் சுகாதார விதிகளில் மீண்டும் ஒத்துப்போகும் உடன்படிக்கை ஒன்றை நோக்கிப் போக இணங்கின. ஒன்றிய விதியைப் பிரித்தானியா அப்படியே பின்பற்றத் தொடங்கினால் லண்டன் – பரிஸ் பொதி இலகுவாகும். அந்த நீண்ட பட்டியல் மறுபடி ஐந்துக்குச் சுருங்கவும் கூடும். மேசையடியில் ‘திரும்பச் சேர்ந்தால் எல்லாம் சரி’ என்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அனுப்புமுன் பிரித்தானிய அரசின் பட்டியலைக் கைபேசியில் ஒருதரம் பாருங்கள். கறிவேப்பிலை இன்னும் அதில் இருந்தால், கழுவி, ஈரம் போக உலர்த்தி, பூச்சி அரித்த இலையை நீக்கி, தனிப் பையில் பெயர் எழுதி, லண்டன் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள். பரிஸ், பெல்ஃபாஸ்ற் பெட்டிகளில் வேண்டாம்.